எலுமிச்சை வண்டிகள்: பழைய காரின் நியாய விலை குறித்து ஒரு சிறு வரலாறு

எங்கள் கும்பகோணத்து வீட்டின் பின்கட்டில் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதில் 1979ஆம் ஆண்டுத் தயாரிப்பான பிரீமியர் பத்மினி கார் ஒன்று நெடுநாளாக நிற்கிறது. பெயர்ப்பலகையில் பத்மினி என்றிருந்தாலும் எங்கள் வீட்டில் அது என்றும் 'பியட்'தான். சென்ற கோடை விடுமுறையில் அதைப் பார்க்க ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். முகப்பைத் திறந்தும், அடியில் படுத்தும், கதவுகளைத் தட்டியும் ஒரு மணி நேரம் பார்த்தபின் அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எஞ்சினை இறக்கித்தான் ஆகணும் சார். பிஸ்டன், ரிங், வால்வு, லேத் பட்டறைக் கூலி, பிரேக், கீழே துருப்பிடித்த தகடு எல்லாம் சேர்த்தால் எழுபதாயிரம் ஆகும். அப்படியே எடைக்குப் போட்டால் இருபதாயிரம் தேறினாலே அதிகம். செய்யலாமா வேண்டாமா, நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிப்பதற்காக அப்பாவின் கணக்கு நோட்டை எடுத்தேன். அப்பா கணித ஆசிரியராக இருந்தவர். 1988இல் இந்த வண்டியை நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய நாள்முதல், அதற்குச் செலவிட்ட ஒவ்வொரு காசையும் நீல அட்டை போட்ட நோட்டொன்றில் எழுதி, கடை ரசீதுகளையும் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருந்தார். முதற் பக்கத்தில் வாங்கிய விலை. இரண்டாம் பக்கத்தில், மூன்றே மாதம் கழித்து, எஞ்சின் வேலைக்கு ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.

அந்த ஒன்பதாயிரத்து நானூறின் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். வண்டியை விற்றவர் அப்பாவின் உடன் ஆசிரியர், நெருங்கிய நண்பர். வாங்கியபோது சிறிதும் புகை இல்லை. எண்ணெய் மாற்றியதும் நீலப்புகை கிளம்பியது. தேய்ந்த எஞ்சினில் கெட்டியான எண்ணெயை ஊற்றிவிட்டால் சில வாரங்களுக்குப் புகையும் சத்தமும் அடங்கியிருக்கும் என்று அன்றைய மெக்கானிக் விளக்கினார். அப்பா நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதன்பின் அவர்கள் முன்போல் பேசிக்கொள்ளவும் இல்லை.

பழைய வண்டி ஒன்றுக்கு நியாய விலை என்பது என்ன? அதைச் செப்பனிடுவது தகுமா, தகாதா என்று எதைக்கொண்டு முடிவு செய்வது? தரகர்களும் மெக்கானிக்குகளும் அன்றாடம் விடை சொல்லும் இக்கேள்விகளுக்குப் பின்னால் சுவையான வரலாறொன்று இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் நாட்டில் நிகழ்ந்தது.

*

1966ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியில் சேர்ந்த ஜார்ஜ் அகெர்லாஃப் என்னும் இளம் பொருளியலாளர், புதிய கார்களின் விற்பனை ஏன் ஆண்டுக்காண்டு ஏறி இறங்குகிறது என்று ஆராய முற்பட்டார். அதிலிருந்து அவருக்கு இன்னொரு கேள்வி பிறந்தது. மக்கள் ஏன் பழைய காரை விட்டுப் புதிய காரையே நாடுகிறார்கள்? விற்பவனுடைய நோக்கத்தின்மீது வாங்குபவனுக்கு இருக்கும் ஐயமே காரணம் என்று அவர் கண்டார்.

அமெரிக்கப் பேச்சுவழக்கில் குறைபாடுள்ள காருக்கு 'எலுமிச்சை' என்று பெயர். நம்மூரில் புது வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிக் கண்ணேறு கழிக்கிறோம். அவர்களுக்கோ அந்த வண்டியே எலுமிச்சையாக வந்து வாய்த்துவிடுகிறது.

அகெர்லாஃபின் தருக்கத்தை நம் கணக்கில் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம். சந்தையில் பாதி நல்ல கார்கள், பாதி எலுமிச்சைகள். நல்லதன் மதிப்பு ஒரு இலட்சம், எலுமிச்சையின் மதிப்பு நாற்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். எது எது என்பது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே அவன் சராசரியாக எழுபதாயிரம்தான் கொடுக்கத் துணிவான். நல்ல காரை வைத்திருப்பவன், 'ஒரு இலட்சம் பெறும் பொருளை எழுபதுக்கு ஏன் கொடுக்க வேண்டும்' என்று சந்தையை விட்டு விலகிவிடுவான். அவன் விலகியதும் எஞ்சியவற்றின் சராசரி இன்னும் இறங்கும். முடிவில் சந்தையில் நிற்பவை எலுமிச்சைகள் மட்டுமே. கள்ள நாணயம் நல்ல நாணயத்தைத் துரத்துவதுபோல, கெட்ட வண்டி நல்ல வண்டியைத் துரத்திவிடுகிறது. புதிய வண்டி காட்சியகத்தை விட்டு வெளியேறிய மறுகணமே மதிப்பிழப்பதற்கும் இதுவே விளக்கம். வண்டி ஒரே நாளில் தேய்ந்துவிடவில்லை. 'ஏன் இதற்குள் விற்கிறான்' என்ற ஐயம் அதன்மேல் படிந்துவிட்டது.

1967 ஜூன் மாதம் இக்கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டு அகெர்லாஃப் இந்தியாவுக்கு வந்தார். 1967–68 கல்வியாண்டை இங்கே கழித்தார். இவ்வளவு அற்பமான பொருளைப் பற்றிய கட்டுரைகளைத் தாங்கள் வெளியிடுவதில்லை என்ற மறுப்புக் கடிதம் அவருக்கு இங்கேதான் வந்து சேர்ந்தது. மூன்று இதழ்கள் மறுத்த பின்னர் 1970இல் நான்காவதாக ஓர் இதழ் வெளியிட்டது. 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது, அதற்கு அடிப்படையாக அமைந்தவற்றுள் இந்த 'அற்பமான' கட்டுரை தலையாயது.

அக்கட்டுரையில் இந்தியாவும் இடம்பெறுகிறது. வட்டிக்கடைக்காரர் ஏன் அவ்வளவு வட்டி வாங்குகிறார் என்பதற்கு அதில் ஒரு விளக்கம் உண்டு. கடையில் வாங்கிய அரிசியில், வேண்டுமென்றே கலக்கப்பட்ட, அரிசியின் நிறமும் வடிவமும் கொண்ட கற்களை இந்தியப் பெண்கள் பொறுக்கியாக வேண்டியிருப்பதும் சான்றாகக் காட்டப்படுகிறது. முறத்தில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கிய நம் பாட்டிமார்கள் ஒரு பொருளியல் கோட்பாட்டின் எடுத்துக்காட்டாகியிருப்பதைப் படித்தபோது எனக்கு வியப்பும் சற்று வருத்தமும் ஒருங்கே தோன்றின.

*

ஆனால் இதில் ஒரு முரண் இருக்கிறது. அகெர்லாஃப் இந்தியாவில் தங்கியிருந்த அதே ஆண்டுகளில், அவருடைய விதிக்கு நேரெதிரான காட்சி இந்நாட்டுச் சாலைகளில் நிகழ்ந்துகொண்டிருந்தது. இங்கே காட்சியகத்தை விட்டு வெளியேறிய கார் மதிப்பிழக்கவில்லை. அதன் மதிப்பு கூடியது.

காரணம் உரிம ஆட்சி. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரைப்படி, உள்நாட்டிலேயே உதிரிபாகங்களைச் செய்யும் திட்டமுள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இடமென்று அரசு முடிவு செய்தது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகியவை வெளியேறின. நடுத்தர மக்களின் கார் என்று சொல்லத்தக்கவை மூன்றே எஞ்சின. கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடர். பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனத்தின் பியட். சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் ஹெரால்டு. எவ்வளவு செய்யலாம் என்பதை உரிமம் தீர்மானித்தது. யாருக்கு முன்னுரிமை என்பதையும் அரசின் கட்டுப்பாட்டு ஆணைகள் தீர்மானித்தன. பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எனவே, காத்திருந்து பெற்ற ஒருவர் அந்த வண்டியை மறுநாளே பட்டியல் விலைக்கு மேல் விற்க முடிந்தது. வாங்கியவர் கொடுத்த கூடுதல் தொகை இரும்புக்கான விலையன்று, காலத்துக்கான விலை. இதைத் தடுக்கவே, வாங்கிய காரை அனுமதியின்றி உடனே விற்கலாகாது என்ற விதியும் இருந்தது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய விந்தையன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிரிட்டனில் செய்யப்பட்ட கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குச் சென்றுவிட, உள்நாட்டில் அதே பஞ்சம் நிலவியது. புதிய கார் வாங்குவோர் அதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கத்துக்கு உறுதிப்பத்திரம் எழுதித்தர வேண்டியிருந்தது. மீறியவர்கள் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டனர். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரே பின்னர் உத்தர்பாராவில் அம்பாசிடர் ஆயிற்று. வண்டி கப்பலேறி இங்கு வந்தபோது அந்தப் பஞ்சமும் உடன் வந்துவிட்டது போலும்.

பஞ்சத்திற்கு ஒரு நற்பயனும் இருந்ததென்று தோன்றுகிறது. அகெர்லாஃப் சொன்ன சந்தையில் நல்ல வண்டிக்காரன் விலகிப்போகிறான். நம் சந்தையிலோ நல்ல வண்டியை விற்றால் இலாபம் கிடைத்தது. ஆகவே நல்ல வண்டிகளும் விற்பனைக்கு வந்தன. அத்தோடு, இரண்டு மூன்று வகை வண்டிகளே பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி ஓடியதால், அவற்றின் நோய்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. பத்மினியின் எஞ்சின் 1089 கன சென்டிமீட்டர், நான்கு சிலிண்டர், ஸ்டியரிங்கை ஒட்டிய கியர்த் தண்டு என்பதையெல்லாம் எங்கள் தெருவில் சிறுவர்களும் ஒப்பிப்பார்கள். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காத பாகம் இல்லை என்பார்கள். கிடைக்காவிட்டாலும் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். செப்பனிடுவது தகுமா என்ற கேள்வியே அன்று எழவில்லை. மாற்று வண்டி இல்லாதவனுக்குச் செப்பனிடுவது ஒன்றே வழி.

*

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியை அதன் உரிமையாளரிடம் இந்திரா காந்தி வழங்கினார். முன்பதிவு செய்திருந்தோர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆகவே தொடக்க ஆண்டுகளில் மாருதிக்கும் அதே காத்திருப்பு, அதே கூடுதல் விலை. ஆனால் அப்போதே பியட், அம்பாசிடர் ஆகியவற்றின் ஏகபோகம் ஆட்டங்காணத் தொடங்கிவிட்டது. 1993இல் கார் உற்பத்திக்கு உரிமம் பெறவேண்டிய கட்டாயம் நீங்கியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. பணத்தோடு போனால் சில நாட்களில் புதுக்கார் கிடைக்கும் என்றானதும், பழைய காரின் விலையில் ஒளிந்திருந்த காலத்தின் விலை மறைந்துவிட்டது. எஞ்சியது ஐயத்தின் விலை மட்டுமே. அகெர்லாஃபின் விதி முப்பதாண்டுகள் தாமதமாக இங்கு வந்து சேர்ந்தது.

ஐயத்தைப் போக்க அமெரிக்கர்கள் செய்தவற்றை இங்கே சுருக்கமாக நினைவுகூரலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வணிகரான லெஸ் கெல்லி, எந்த வண்டிக்கு என்ன கொடுக்கலாம் என்ற பட்டியலை 1926இல் 'நீலப் புத்தகம்' என்று அச்சிட்டார். அது இன்றும் தொடர்கிறது. ஆனால் பட்டியல் சொல்வது ஒரு வகை வண்டியின் சராசரியை. உங்கள் முன் நிற்கும் வண்டியை அன்று. ஓடிய தூரம் காட்டும் கருவியைத் திருத்துவது 1972இல் அங்கே தேசியச் சட்டப்படி குற்றமாயிற்று. வணிகருக்குத் தெரிந்த குறைகளை எழுதிக் கண்ணாடியில் ஒட்டவேண்டும் என்றொரு விதியை வணிக ஆணையம் கொண்டுவந்தபோது, 1982இல் அமெரிக்க நாடாளுமன்றமே அதை இரத்துச் செய்தது. 1984இல் விதி மீண்டும் வந்தது. இம்முறை உத்தரவாதம் உண்டா, இல்லையா என்று மட்டும் ஒட்டினால் போதும். தெரிந்த குறைகளைச் சொல்லவேண்டும் என்ற பகுதி காணாமற்போயிருந்தது. உண்மையைச் சட்டத்தால் வரவழைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் நாட்டில் மாருதி நிறுவனமே 2001இல் பழைய கார்களைச் சோதித்து, உத்தரவாதம் தந்து விற்கத் தொடங்கியது. ஐயத்துக்கு மாற்று உத்தரவாதமும் நிறுவனப் பெயரும்தான் என்று அகெர்லாஃப் 1970லேயே எழுதியிருந்தார்.

நம் காப்பீட்டு விதிகளில் நியாய விலைக்கு ஒரு வாய்பாடே இருக்கிறது. புதிய விலையிலிருந்து, ஆறு மாதத்துக்குட்பட்ட வண்டிக்கு 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 என்று கழித்துக்கொண்டே வரவேண்டும். ஐந்தாண்டைத் தாண்டினால் வாய்பாடு இல்லை. இருதரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். செப்பனிடுவது தகுமா என்பதற்கும் அங்கே விடையுண்டு. பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு இழப்பு எனக் கொள்ளப்படும். எளிதாகச் சொன்னால், செத்த வண்டி. இந்தக் கணக்கின்படி எங்கள் பியட் செத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2022 ஏப்ரலில் பழைய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. அரசும் அதையே சொல்லாமற் சொல்கிறது.

*

காப்பீட்டுக்காரரின் கணக்கு தவறன்று. ஆனால் அது சந்தையின் கணக்கு. உரிமையாளர் போடவேண்டிய கணக்கு வேறு.

செப்பனிடும் செலவை வண்டியின் சந்தை விலையோடு ஒப்பிடுவதே பொதுவழக்கம். அது சரியான ஒப்பீடாக எனக்குத் தோன்றவில்லை. சந்தை விலை என்பது, வண்டியை அறியாத ஒருவர் தம் அறியாமைக்காகக் கழித்துக்கொண்ட பின் தரும் தொகை. உரிமையாளரிடம் அந்த அறியாமை இல்லை. அவர் இதை விற்றுவிட்டு அதே பணத்துக்கு இன்னொரு பழைய வண்டியை வாங்கினால், தெரிந்த குறைகளைக் கொடுத்துத் தெரியாத குறைகளை வாங்குகிறார். ஆகவே ஒப்பிட வேண்டியது, இந்த வண்டியைச் செப்பனிட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டும் செலவையும், அதே ஆண்டுகளை வேறொரு வண்டியில் கழிக்க ஆகும் செலவையும்தான். அந்த வேறு வண்டியின் கணக்கில் அதன் இரண்டாம் பக்கத்துச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் ஒன்பதாயிரத்து நானூறைப்போல அது பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில் வந்து நிற்கும்.

இதற்கும் எல்லை உண்டு. எஞ்சின், கியர், பிரேக் ஆகியவை மாற்றத்தக்கவை. அவற்றுக்குச் செலவிட்டால் பயன் திரும்பக் கிடைக்கும். அடித்தளமும் தூண்களும் துருவேறிவிட்டால் அங்கே போடும் பணம் பட்டிக்குள் புதைந்துவிடும். வாங்குபவர் காந்தத்தைக் கொண்டுவந்து தகட்டில் வைத்துப் பார்ப்பது இதனால்தான். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பச் சொல்வதும் அனுபவத்தின் பாடம். நீலப்புகை எண்ணெய் எரிவதைச் சொல்லும். விடாது வரும் வெண்புகை, தண்ணீர் உள்ளே புகுவதைச் சொல்லும். கரும்புகை பெட்ரோல் மிகுவதைச் சொல்லும். முன்கூட்டியே சூடேற்றி வைக்கப்பட்ட எஞ்சின் எதையோ மறைக்கிறது.

1999இல் அப்பா வண்டியை விற்க முயன்றார். விளம்பரம் பார்த்து மூவர் வந்தார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் குறைகளை ஒன்றுவிடாமல் சொன்னார்: இரண்டாம் கியர் நழுவும், இடப்பக்கக் கதவின் கீழே பட்டி இருக்கிறது, மழையில் தண்ணீர் கசியும். மூவரும் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. பிறகு தரகர்தான் சொன்னார்: "சார் வாயாலேயே மூணு குறை சொன்னா, சொல்லாதது முப்பது இருக்கும்னு நினைக்கிறாங்க." எலுமிச்சைச் சந்தையின் கொடுமை இதுதான். பொய்யனை நம்ப யாருமில்லை என்பதோடு அது நிற்பதில்லை. உண்மை சொல்பவனின் சொல்லுக்கும் அங்கே விலை இறங்கிவிடுகிறது. அப்பா நோட்டை அவர்களிடம் காட்டவில்லை. ஓர் ஆசிரியரின் வாய்ச்சொல் போதும் என்று எண்ணியிருக்க வேண்டும். வண்டி கொட்டகையிலேயே தங்கியது. 2011இல் அப்பா மறைந்தார்.

மெக்கானிக் வந்துபோன சில வாரங்களுக்குப் பின், பழைய கார்களைச் சீர்செய்து ஓட்டுவதில் ஆர்வமுள்ள ஓர் இளைஞர் கோவையிலிருந்து வந்தார். வண்டியைப் பார்த்து முப்பதாயிரம் என்றார். பேச்சுவாக்கில் நோட்டைக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தார். எந்த ஆண்டு எந்த பேரிங் மாற்றப்பட்டது, எந்தப் பட்டறையில் எந்த அளவுக்குச் சிலிண்டர் கடையப்பட்டது, 1993இல் எந்தத் தகடு வெட்டி ஒட்டப்பட்டது என எல்லாம் ரசீதோடு இருந்தன. எழுந்து வந்து, "நாற்பத்தைந்து தருகிறேன் சார், நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்" என்றார். அப்பாவின் வாய்ச்சொல்லை நம்பாத சந்தை, இருபதாண்டுக் காலம் விற்கும் எண்ணமின்றி எழுதப்பட்ட கணக்கை நம்பியது. ஒரு மாலைப்பொழுதில் சொல்லிவிடக் கூடியதை எவரும் பொய்யாகச் சொல்லலாம். இருபதாண்டுகள் பொய்யாகக் கணக்கெழுத எவராலும் இயலாது.

எழுபதாயிரத்தை நான் செலவிடவில்லை. அடித்தளம் இன்னும் உறுதியாக இருப்பதாகச் சொன்ன அந்த இளைஞர், தம் கையாலேயே வேலை செய்துகொள்வார். அவருக்குத் தகும் செலவு எனக்குத் தகாது. வண்டியைக் கொடுத்துவிட்டேன். நோட்டைக் கொடுக்க மனம் வரவில்லை. பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

நகலெடுக்கும்போதுதான் கவனித்தேன். இரண்டாம் பக்கத்தில், ஒன்பதாயிரத்து நானூறு என்ற தொகைக்கு நேரே, பென்சிலால் சிறிய எழுத்தில் அப்பா ஒரு வரி எழுதியிருந்தார்: 'அவருக்கும் தெரிந்திருக்காது.' நண்பர் அந்த வண்டியை ஒரு தரகரிடம் வாங்கி ஓராண்டுகூட ஓட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். எண்ணெயை ஊற்றியது யாரென்பது எவருக்கும் தெரியாது. அப்பா அந்த வரியை எப்போது எழுதினார் என்பதற்கு நோட்டில் குறிப்பில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் தேதி போட்டிருந்தார்.